மஞ்சள் பையும் மாநகர சபை ட்ராக்டரும்

நரம்பிலிருந்து ஊசியை உருவியெடுத்த பிறகு தாதியின் கையில் மிஞ்சுவது ஒரு சிறு பொருள்தான். அதன் பிளாஸ்டிக் மூடி பக்கத்துத் தட்டிலேயே கிடக்கிறது. கை பழக்கதோஷத்தில் அந்த மூடியைத் தேடும். ஆனால் மூடாதே என்கிறது விதி. ஊசியை மூடப் போகும்போதுதான் அது மற்றக் கையின் விரலில் ஏறுகிறது என்பது உலகமெங்கும் வார்ட்டுகளில் பட்டுத் தெளிந்த பாடம். வளைக்கக் கூடாது, முறிக்கக் கூடாது, சிரிஞ்சிலிருந்து கழற்றவும் கூடாது. இரண்டு எட்டுத் தூரத்துக்குள் இருக்க வேண்டிய பெட்டிக்குள் அப்படியே போட்டுவிட வேண்டும். அந்தப் பெட்டி மஞ்சள் நிறம். அதில் ஒரு சிவப்புக் கோடு. ஊசி துளைத்து வெளியே வராத தடித்த மட்டை, அல்லது கனத்த பிளாஸ்டிக். முக்கால் பங்கு நிறைந்ததும் வாயை அடைத்துவிட வேண்டும். இன்னும் இடமிருக்கிறதே என்று மேலே அழுத்தித் திணிப்பவரின் உள்ளங்கைதான் பிறகு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறது.

மருத்துவக் கழிவு பற்றி இலங்கையில் என்ன சட்டம் இருக்கிறது என்று தேடினால் வர்த்தமானிகள், சுற்றறிக்கைகள், சர்வதேசச் சாசனங்கள் என்று ஒரு கட்டு சேரும். அத்தனையும் பலிப்பதும் பலிக்காமல் போவதும் அந்த ஊசி எந்தப் பெட்டியில் விழுகிறது என்பதில் தங்கியிருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, வைத்தியசாலைகளில் சேரும் கழிவில் ஏறத்தாழ 85 வீதம் நம் வீட்டுக் குப்பையைப் போன்றதே: சோற்றுப் பார்சல், கடதாசி, மருந்துப் பெட்டி அட்டை, பூந்தோட்டச் சருகு. மிச்சம் 15 வீதம்தான் தொற்றோ, நச்சோ, கதிரியக்கமோ உள்ளது. இந்த 15 கிலோவை அந்த 85 கிலோவோடு ஒரே வாளியில் கொட்டிவிட்டால் 100 கிலோவும் அபாயக் கழிவாகிவிடும். பிறகு பிரித்தெடுக்க முயல்வது சட்டப்படியும் தவறு, புத்திப்படியும் தவறு. அவ்வளவையும் அவிக்கவோ எரிக்கவோ ஆகும் செலவு பல மடங்கு. செலவைத் தாங்க முடியாதவர் என்ன செய்வார்? இரவில் எங்காவது கொண்டுபோய்க் கொட்டுவார். கழிவுச் சட்டம் மீறப்படும் பல கதைகளின் முதல் அத்தியாயம் இந்த ஒரு வாளிதான்.

கண்டி மாநகரையும் சுற்றுவட்டாரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். நகரில் கண்டி தேசிய வைத்தியசாலை. சில கிலோமீற்றர் தள்ளிப் பேராதனையில் போதனா வைத்தியசாலை, சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை, பல் வைத்தியசாலை, பல்கலைக்கழக மருத்துவ பீடம். மாகாண சபையின் கீழ் வரும் சிறிய வைத்தியசாலைகள் வேறு. இவற்றோடு தனியார் மருத்துவமனைகள், தெருவுக்கொரு இரத்தப் பரிசோதனை நிலையம், மாலையில் மட்டும் திறக்கும் டிஸ்பென்சரிகள், பல் வைத்தியர்கள். இத்தனையும் மகாவலி கங்கை வளைந்தோடும் ஒரே பள்ளத்தாக்குக்குள்.

இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு நிற ஒழுங்கு உண்டு. தேசிய வர்ணக் குறியீடு என்று சொல்வார்கள். தொற்றுள்ள கழிவுக்கு மஞ்சள். ஊசி, பிளேடு போன்ற கூர்மையானவற்றுக்கு மஞ்சளில் சிவப்புக் கோடு. கண்ணாடிக்குச் சிவப்பு. உக்கக் கூடியதற்குப் பச்சை. கடதாசிக்கு நீலம். பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள். எதிலும் சேராத பொதுக் குப்பைக்குக் கறுப்பு. பாக்கு நீரிணையைத் தாண்டினால் கதை மாறுகிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி, தொற்றுப்பட்ட குழாய், சேலைன் போத்தல் போன்ற மறுசுழற்சிக்குரிய பிளாஸ்டிக் சிவப்புப் பையில் போக வேண்டும், கண்ணாடிக்கு நீலம், ஊசிக்கு வெள்ளை நிறத் துளையாப் பெட்டி. சென்னையில் பயிற்சி பெற்ற தாதி ஒருவர் கண்டியில் வேலைக்குச் சேர்ந்தால் மஞ்சள் ஒன்றைத் தவிர மற்ற நிறங்களைப் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும். எந்த நிறம் எதற்கு என்பதில் இயற்கையின் கட்டளை ஏதுமில்லை. எல்லாரும் ஒரே மாதிரிச் செய்ய வேண்டும் என்பதே முக்கியம்.

இனிச் சட்டம். அடிப்படை 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம். அதன்கீழ் மத்திய சுற்றாடல் அதிகாரசபை உருவானது. 1988இல் செய்த திருத்தம்தான் அதற்குப் பல்லைக் கொடுத்தது. சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் என்ற முறை அப்போது வந்தது. மருத்துவக் கழிவைப் பொறுத்தவரை முக்கியமானது 2008 பெப்ரவரி 1ஆம் திகதியிட்ட 1534/18 இலக்க அதிவிசேட வர்த்தமானி. சில கழிவுகளை அது ஓர் அட்டவணையில் இட்டு, அவற்றை உண்டாக்குவதற்கும், சேர்ப்பதற்கும், ஏற்றிச் செல்வதற்கும், களஞ்சியப்படுத்துவதற்கும், அகற்றுவதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றது. சுகாதார நிலையங்களின் கழிவும் அந்த அட்டவணையில் இருக்கிறது. ‘உண்டாக்குவதற்கும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். லொறிக்காரரிடம் பையைக் கொடுத்துவிட்டேன், அதோடு என் பொறுப்பு முடிந்தது என்று வைத்தியசாலை கைகழுவ முடியாது. கொள்கலனில் லேபல் இருக்க வேண்டும், எவ்வளவு போனது என்று பதிவேட்டில் இருக்க வேண்டும், வாங்கிச் செல்பவருக்கும் அனுமதி இருக்க வேண்டும். தனியார் நிலையங்கள் இதற்கு மேல் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்துக்கும் கட்டுப்பட்டவை. இவையெல்லாம் தவறினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கையில் 1862ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. கிருமிதான் நோயைத் தருகிறது என்று ரொபர்ட் கொக் நிரூபித்துக் காட்டுவதற்கு முன்பே எழுதிய சட்டம் அது. நாற்றம் வந்தால் வழக்கு என்ற அதன் எளிமை இன்றும் உதவுகிறது. நாற்றமில்லாத ஊசிக்கு மட்டும் அது போதாது.

இப்படியான சட்டங்கள் யோசனையில் பிறந்தவை அல்ல, அதிர்ச்சியில் பிறந்தவை. 1987, 1988 கோடைகளில் அமெரிக்காவின் நியூ யோர்க், நியூ ஜேர்சிக் கடற்கரைகளில் சிரிஞ்சுகள் கரையொதுங்கின. உல்லாசப் பயணிகள் ஓடினார்கள். கடற்கரை வியாபாரம் படுத்தது. 1988 முடிவதற்குள் மருத்துவக் கழிவைத் தொடர்ந்து கண்காணிக்கும் சட்டம் ஒன்று அங்கே நிறைவேறியது. குஜராத்தின் மோடாசாவில் 2009இல் நடந்தது இதைவிடக் கொடியது. பயன்படுத்தி எறிந்த சிரிஞ்சுகள் கள்ளச் சந்தை வழியாகத் திரும்பி வைத்தியர்களின் மேசைக்கே வந்தன. சுமார் 240 பேருக்குக் கல்லீரல் அழற்சி பி தொற்றியது, பலர் இறந்தார்கள். மருத்துவக் கழிவு என்றதும் நாம் குப்பை மேட்டை நினைக்கிறோம். மோடாசாவில் கழிவு மேட்டிலே தங்கவேயில்லை, கழுவிய முகத்தோடு மருந்தகத்துக்குத் திரும்பி வந்தது. சுத்திகரிக்கும் இடத்தில் சிரிஞ்சை வெட்டவோ அரைக்கவோ வேண்டும், முழுதாக வெளியே போக விடக் கூடாது என்று விதிகள் அடித்துச் சொல்வதற்கு இதுவே காரணம்.

மஞ்சள் பை வார்ட்டை விட்டு வெளியேறிய பின் இரண்டு வழிகள். அவிப்பது, அல்லது எரிப்பது.

அவிக்கும் இயந்திரம் ஓட்டோகிளேவ். அடிப்படையில் அது ஒரு பெரிய பிரஷர் குக்கர். ஆனால் இங்கே கண்டிக்கென்று ஒரு சிறு பௌதிகப் பாடம் இருக்கிறது. கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகைக்குக் கொஞ்சம் முன்பே, 98 பாகை செல்சியஸைத் தாண்டியதும் கொதித்துவிடும். நுவரெலியாவில் 94 பாகை அளவிலேயே. எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் வெப்பநிலை அதற்கு மேல் ஏறாது. சாதாரண கிருமிகள் அதில் செத்துவிடும்; வித்து நிலையில் சுருண்டு கிடக்கும் சில பக்டீரியாக்கள் சாகாது. அவற்றுக்கு 121 பாகை வேண்டும். நீராவி 121 பாகையைத் தொட, உள்ளே மொத்த அழுத்தம் சுமார் 205 கிலோபாஸ்கலாக உயர வேண்டும். இயந்திரத்தின் முள் காட்டுவதோ வெளியிலுள்ள காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை. கொழும்பில் வெளிக்காற்று 101 கிலோபாஸ்கல். கண்டியில் 95ஐச் சற்றுத் தாண்டும். ஆகவே கொழும்பில் முள் 104ஐக் காட்டினால் போதுமென்றிருக்கும்போது கண்டியில் அது 109 அல்லது 110ஐத் தொட வேண்டும். கொழும்பில் அச்சிட்ட அட்டையைப் பார்த்து முள்ளை நம்பி இயக்குபவர் ஏறத்தாழ ஒரு பாகை குறைவாகவே அவித்து எடுப்பார். வெப்பமானியைப் பார், முள்ளைப் பார்க்காதே என்பது மலைநாட்டு ஓட்டோகிளேவுக்குப் பொருத்தமான விதி.

வெப்பத்தை விட ஈரம்தான் இங்கே ஆயுதம். காய்ந்த காற்றினால் கிருமி நீக்க வேண்டுமானால் 160 பாகையில் இரண்டு மணி நேரம் பிடிக்கும். நீராவி 121 பாகையில் அரை மணி நேரத்தில் அதைச் செய்து முடிக்கிறது. நீராவி குளிர்ந்த பொருளில் பட்டு நீராக மாறும் கணத்தில் தனக்குள் வைத்திருந்த மறைவெப்பம் முழுவதையும் அங்கே இறக்கிவிடுகிறது. ஒரு கிலோ நீரைப் பனிக்குளிரிலிருந்து கொதிநிலை வரை சூடாக்க ஆகும் வெப்பத்தைப் போல் ஐந்து மடங்குக்கும் மேற்பட்டது அது. ஆனால் நீராவி பொருளைத் தொட வேண்டுமே. பையின் நடுவே காற்று அடைபட்டிருந்தால் அந்த இடம் வெறும் காய்ந்த சூட்டில் நிற்கும். அதனால்தான் நல்ல இயந்திரங்கள் முதலில் காற்றை உறிஞ்சி வெளியேற்றிவிட்டுப் பிறகு நீராவியை விடுகின்றன. பைகளை நெருக்கி அடுக்கக் கூடாது என்பதும் அதனால்தான்.

உள்ளே எல்லாம் செத்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? இதற்கொரு சாட்சி வைத்திருக்கிறார்கள். ஜியோபசிலஸ் ஸ்டியரோதேர்மோபிலஸ் என்ற, வெந்நீரூற்றுகளிலும் வாழக்கூடிய பக்டீரியத்தின் வித்துகள் அடங்கிய சிறு குப்பி. நமக்கு அது நோய் தருவதில்லை, ஆனால் சாகடிக்க மிகக் கடினமானது. குப்பியைக் கழிவின் நட்டநடுவே புதைத்து அவித்தெடுத்து, பிறகு இளஞ்சூட்டில் வைப்பார்கள். உள்ளிருக்கும் திரவம் ஊதா நிறத்திலேயே இருந்தால் வித்துகள் இறந்துவிட்டன. மஞ்சளாக மாறினால் அவை பிழைத்துப் பெருகி அமிலம் உண்டாக்கியிருக்கின்றன. அந்தத் தொகுதி முழுவதையும் திரும்ப அவிக்க வேண்டும். ஓட்டோகிளேவ் வாங்கியதற்கான ரசீதைவிட இந்தக் குப்பிகளின் பதிவேடுதான் ஒரு பரிசோதகர் கேட்டுப் பார்க்க வேண்டியது என்பது என் எண்ணம். இயந்திரம் இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு.

எரிப்பது வேறு விதமான சங்கடம். இரத்தப் பைகளும் பல குழாய்களும் பி.வி.சி. பிளாஸ்டிக்கால் ஆனவை, அதில் குளோரின் நிறைய உண்டு. அரைகுறைச் சூட்டில் எரியும்போது, அல்லது புகை 450 பாகையிலிருந்து 200 பாகைக்கு மெல்ல மெல்ல ஆறும்போது, அந்தக் குளோரினும் கரித்துகளும் சேர்ந்து டயொக்சின், ஃபியூரன் என்ற நஞ்சுகளாகின்றன. புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை அவை. கொழுப்பில் கரைந்து, பால், முட்டை வழியாக உணவுக்குள் ஏறும், உடலில் ஆண்டுக்கணக்கில் தங்கும். ஆகவே முறையான எரியூட்டியில் இரண்டு அறைகள் இருக்கும். முதலாவதில் கழிவு எரியும். அதிலிருந்து வரும் புகை இரண்டாவதில் 1100 பாகை அளவில் குறைந்தது 2 செக்கனாவது தங்கி மறுபடி எரிய வேண்டும். பிறகு சடுதியாகக் குளிர்விக்கப்பட வேண்டும். 2005இல் இலங்கை ஏற்றுக்கொண்ட ஸ்டொக்ஹோம் சாசனம், மருத்துவக் கழிவு எரியூட்டிகளை டயொக்சினின் பெரும் ஊற்றுகளில் ஒன்றாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வைத்தியசாலையின் பின்வளவில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவதில் இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. கண்டியில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ஒரு பக்கம் ஹந்தானை, மறுபக்கம் உடவத்தகெலே என்று நாற்புறமும் மலை மறித்த நகரம் இது. குளிர்ந்த காலை வேளைகளில் கனத்த காற்று கீழே தங்க, அதன்மேல் வெப்பக் காற்று மூடிக்கொள்ளும். பஸ் புகையே வெளியேற வழியின்றி நகருக்குள் தேங்குவதைக் கண்டிக்காரர் எல்லாரும் அறிவர். தாழ்வான புகைபோக்கி ஒன்றிலிருந்து வரும் புகையும் அங்கேயே நிற்கும். சமதரைக்குச் சரியான எரியூட்டி இந்தப் பள்ளத்தாக்குக்குச் சரியாக இருக்க வேண்டுமென்பதில்லை. ஊசி, கட்டுத்துணி போன்றவற்றை இங்கே அவிப்பதே மேல்.

அவிக்க முடியாதவையும் உண்டு. புற்றுநோய் மருந்துகளின் மிச்சத்தை 121 பாகை ஒன்றும் செய்யாது. அவற்றுக்கு 1200 பாகை அளவில் எரிப்பு வேண்டும். காலாவதியான மருந்துகளைச் சீமெந்துச் சூளையில் போடுவது இலங்கையில் உள்ள ஒரு வழி; புத்தளத்துச் சூளையில் சுண்ணக்கல்லே 1450 பாகையில் வேகிறது, மாத்திரை எம்மாத்திரம். கதிரியக்கக் கழிவுக்கோ நெருப்பே தேவையில்லை, பொறுமைதான் தேவை. தைரொயிட் நோய்க்குக் கொடுக்கும் அயடீன்-131இன் அரைவாழ்வு 8 நாள். ஈயக் கவசத்துக்குள் 80 நாள் பூட்டி வைத்தால் பத்து முறை பாதியாகி ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் குறைந்துவிடும். அதற்குப் பிறகு அது சாதாரணக் கழிவு. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின்கீழ் இதற்கென்று தனி ஒழுங்குபடுத்தும் சபை இருக்கிறது. இதில் முறைப்பாடு குறைவு. காரணம் எளியது: கதிரியக்கப் பொருளைக் கையாளும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, எல்லாரும் பயிற்சி பெற்றவர்கள்.

எல்லை தாண்டும் கழிவில் நம் சட்டம் ஒரு தடவை நன்றாகவே வென்றது. பிரித்தானியாவிலிருந்து பழைய மெத்தை, கம்பளம் என்ற பெயரில் 2017, 2018 ஆண்டுகளில் 263 கொள்கலன்கள் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தன. நாற்றம் கிளம்பியபோது திறந்து பார்த்த சுங்கத்தார், மெத்தைகளோடு மருத்துவக் கழிவும் கலந்திருப்பதாக 2019இல் அறிவித்தார்கள். அபாயக் கழிவு பற்றிய பாசல் சாசனத்தை இலங்கை 1992இலேயே ஏற்றிருந்தது. அதன் முதல் பட்டியலில் முதலாவதாக இருப்பதே மருத்துவக் கழிவு. சுற்றாடல் அமைப்பு ஒன்று மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 2020 செப்டெம்பரில் 21 கொள்கலன்கள் திரும்பிப் போயின. கடைசித் தொகுதி 2022 பெப்ரவரியில் கப்பலேறியது. தமிழ்நாட்டிலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவு திருநெல்வேலிக் கிராமங்களில் கொட்டப்பட்டுக் கிடந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட, கேரளமே லொறிகளை அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. இரண்டிலும் கழிவின் மீது முகவரி இருந்தது. கொள்கலனுக்குக் கப்பல் பத்திரம். கிராமத்தில் கிடந்த குவியலில் வைத்தியசாலைப் பெயர் அச்சிட்ட கடதாசிகள். யாருடையது என்று சொல்ல முடிந்தால் சட்டம் ஓடிவந்து வேலை செய்யும்.

முகவரியில்லாத கழிவுதான் சட்டத்துக்குப் பிடிபடாதது. பெரிய வைத்தியசாலை தப்ப முடியாது. அங்கே தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதி இருக்கிறார், குழு இருக்கிறது, பதிவேடு இருக்கிறது. மாலைநேர டிஸ்பென்சரியில் ஒரு நாளைக்குச் சேர்வது கையளவு ஊசியும் பஞ்சும். அதற்காகத் தனி லொறி வருமா? வராது. கறுப்புப் பையில் சுற்றிக் காலையில் வாசலில் வைத்தால் மாநகர சபை ட்ராக்டர் எடுத்துப்போகும். யாரிடமிருந்து வந்தது என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

அந்தப் பையைத் தூக்குபவர் யார்? கண்டியின் தெருக்களைத் துப்புரவாக வைத்திருக்கும் மாநகர சபைத் தொழிலாளர்களில் பலர் நகரின் மஹியாவ பகுதியைச் சேர்ந்த தமிழர்கள். வெள்ளைக்காரர் காலத்தில் இந்த வேலைக்கென்றே தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். சிறு லயன் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இதே வேலை. பையைத் தூக்கித் தோளுக்கு மேலால் ட்ராக்டர் பெட்டிக்குள் எறிவதுதான் அந்தத் தொழிலின் அசைவு. எறியும்போது பை தொடையிலோ முதுகிலோ உரசும். உள்ளே மூடியில்லாத ஊசி இருந்தால் குத்துவது அப்போதுதான். துணிக் கையுறை ஊசிக்குத் தடையே அல்ல.

குத்தினால் என்ன ஆகும்? தடுப்பூசி போடாத ஒருவரை, நோயாளியின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால், கல்லீரல் அழற்சி பி தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 30 வரை, சி வகை நூற்றுக்கு 2க்கு அருகில், எச்.ஐ.வி. ஆயிரத்துக்கு 3. பி வைரசு காய்ந்த இரத்தத்திலும் 7 நாள் வரை உயிர்ப்போடு இருக்கும். நியாயமாகச் சொன்னால் இலங்கையில் இந்த நோய்கள் உள்ளவர்கள் மிகக் குறைவு. ஆகவே கண்டித் தெருவில் கிடக்கும் ஏதோ ஓர் ஊசி குத்துவதால் தொற்றும் வாய்ப்பு இந்த எண்களை விட மிகச் சிறியது. ஆனால் குத்துப்பட்டவருக்கு அந்தச் சராசரி ஆறுதல் தராது. எந்த நோயாளியின் ஊசி என்று தெரியாததால் மாதக்கணக்கில் இரத்தப் பரிசோதனை, காத்திருப்பு, வீட்டில் சொல்ல முடியாத பயம். பி வகைக்குத் தடுப்பூசி இருக்கிறது. குழந்தைகளுக்கான தேசியத் திட்டத்தில் அது 2003இல் சேர்ந்தது. இன்று ட்ராக்டரில் ஏறும் நடுவயதுக்காரர் எவருக்கும் அது குழந்தைப் பருவத்தில் கிடைத்திருக்காது. வைத்தியசாலை ஊழியருக்குப் போடும் அந்த ஊசியைத் துப்புரவுத் தொழிலாளிக்கும் போடுவதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

எச்சரிக்கைக் குறி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மஞ்சள் பையில் மூன்று கொம்புகள் வளைந்து நிற்பது போன்ற ஒரு சின்னம் இருக்கும். 1966இல் அமெரிக்காவில் வடிவமைத்தது. அதை உருவாக்கியவர்கள் வேண்டுமென்றே எந்தப் பொருளோடும் சாயல் இல்லாத உருவத்தைத் தெரிந்தெடுத்தார்கள். பார்த்தால் மறக்கக் கூடாது, ஆனால் முன்பே எந்த அர்த்தமும் இருக்கக் கூடாது, அர்த்தத்தை நாம் கற்பித்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் யோசனை. நல்ல யோசனைதான். தாதியர் கல்லூரியில் அதைக் கற்பிக்கிறார்கள். ட்ராக்டரில் போகிறவருக்குக் கற்பித்தவர் யார்?

ட்ராக்டர் போய்ச் சேரும் இடம் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்திலுள்ள கொஹாகொட. பல பத்தாண்டுகளாகக் கண்டியின் குப்பை விழுவது மகாவலிக் கரையிலுள்ள இந்த மேட்டில்தான். மழை பெய்தால் மேட்டுக்குள் இறங்கும் நீர் கறுத்த சாறாகி வெளியே வருகிறது. அந்தச் சாறு ஆற்றுக்கு என்ன செய்கிறது என்று பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடர்ந்து ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். அதன் கெடுதி பெரும்பாலும் மரக்கறி, மீன், பிளாஸ்டிக் போன்ற சாதாரணக் குப்பையால் வருவது. எல்லாப் பழியையும் மருத்துவக் கழிவின் தலையில் போட முடியாது. ஆனால் சாறு எங்கே போகிறது என்பதைப் பாருங்கள். ஆறு பொல்கொல்ல அணையை அடைகிறது. 1976இல் திறந்த அந்த அணையிலிருந்து ஒரு பகுதி நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தில் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் ஓடி உக்குவளை மின்நிலையத்தில் விழுந்து வடக்கே வரண்ட வலயத்து வயல்களுக்குப் போகிறது. மிச்சம் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு. கண்டி மாநகர சபையின் எல்லை கட்டுகஸ்தோட்டையோடு முடியலாம், அதன் குப்பைச் சாறு அங்கே முடிவதில்லை.

கடைசியாக, சட்டத்தின் கண்ணுக்கே தெரியாத ஒரு வார்ட்: நம் வீடு. இன்சுலின் போடுகிறவர் நம் தெருவிலேயே எத்தனை பேர்! கிளினிக்கில் குப்பியை வாங்கி, ஃபார்மசியில் சிரிஞ்சு வாங்கி, காலையும் மாலையும் போட்டுக்கொண்டு, ஊசியைச் சமையலறைக் குப்பையோடு போடுகிறார்கள். அதே நோயாளி வைத்தியசாலைக் கட்டிலில் படுத்திருந்தபோது அதே ஊசி சிவப்புக் கோட்டுப் பெட்டிக்குள் போயிருக்கும், 2008 வர்த்தமானி அதன் பின்னாலேயே ஓடியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் அது வெறும் வீட்டுக் குப்பை. 1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் 130ஆம் பிரிவின்படி, சபை சேகரிக்கும் வீட்டுக் குப்பை சபையின் சொத்து. ஆக அந்த ஊசி ட்ராக்டரில் விழும் கணத்தில் கண்டி மாநகர சபையின் சொத்தாகிவிடுகிறது. அது தொழிலாளியின் கையில் ஏறினால் சபையின் சொத்தே சபையின் ஊழியரைக் குத்தியதாகக் கொள்ள வேண்டியதுதான். உபவிதி இயற்றும் அதிகாரம் சபைக்கு உண்டு. ஊசியை எதில் போட வேண்டும், எந்தக் கிழமை தனியாக எடுப்போம் என்று இரண்டு வரியில் எழுதிவிடலாம். டிஸ்பென்சரிகளிடம் சிறு கட்டணம் வாங்கி ஒரே வண்டியில் எல்லாருடையதையும் சேர்த்து அவிக்க அனுப்பலாம். இந்தியாவில் பல ஊர்களின் கழிவைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொது நிலையங்கள் அப்படித்தான் இயங்குகின்றன.

உபவிதி வரும் வரை வீட்டிலேயே செய்யக்கூடியது இது. தடித்த பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை எடுங்கள். கழிப்பறை கழுவும் திரவம் வரும் போத்தல் நல்லது, குடிநீர்ப் போத்தல் உதவாது, ஊசி அதைத் துளைத்துவிடும். மேலே ‘ஊசி’ என்று தமிழிலும் சிங்களத்திலும் பெரிதாக எழுதுங்கள். போட்ட கையோடு ஊசியை முனை கீழாக உள்ளே விடுங்கள். முக்கால் பங்கு வந்ததும் மூடியை இறுக்கி, பிளாஸ்டர் சுற்றி, அடுத்த கிளினிக் நாளில் கொண்டுபோய்த் தாதியிடம் கேளுங்கள்: “மிஸ், இதை உங்கட பெட்டியில போடலாமா?” சில இடங்களில் வாங்குவார்கள், சில இடங்களில் தயங்குவார்கள். வாங்காவிட்டால் அந்தப் போத்தலை மற்றக் குப்பையோடு கலக்காமல், ட்ராக்டர் வரும் நேரம் பார்த்து வாசலில் நின்று, “தம்பி, இதுக்குள்ள ஊசி இருக்கு” என்று சொல்லி அவர் கையிலேயே கொடுங்கள்.